"நல்ல பையன்" என்று எழுதாதீர்கள்: பயிற்சிக்குப் போகும் பிளஸ் டூ பிள்ளைகளின் குணமும் வேலைப் பக்குவமும்

தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளைப் பட்டறைக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஆடிட்டர் ஆபீசுக்கோ பத்து நாள் பயிற்சிக்கு அனுப்புகிறோம். கடைசி நாள் மதிப்பீட்டுத் தாள் திரும்பி வருகிறது. பெரும்பாலும் அதில் இருப்பது ஒரே வரி: "நல்ல பையன். சொன்ன வேலையைச் செய்கிறான்." பெண் பிள்ளையாக இருந்தால் "அமைதியான பொண்ணு". இந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைக்கு எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாது. ஆசிரியருக்கு அடுத்த வருடம் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாது. நாளைக்கு வேலை கொடுக்கப்போகிறவருக்கும் அது வெறும் உபசார வார்த்தைதான்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978-ல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்துவிட்டது. அடிப்படை இயந்திரவியல், மின்னியல், செவிலியம், கணக்குப்பதிவியல், நெசவும் ஆடை வடிவமைப்பும் என்று பிரிவுகள் பல. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நிறையப் பேசியாகிவிட்டது. 16, 17 வயதுப் பிள்ளை ஒரு வேலையிடத்துக்குள் கால் வைத்தவுடன் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அதை எப்படிப் பழக்குவது என்பதைத்தான் பேசாமல் விட்டுவிட்டோம். "ஒழுக்கமா இரு, பேரைக் காப்பாத்து" என்பதோடு அது முடிந்துபோகிறது.

நாளுக்கு எட்டு மணி வீதம் பத்து நாள் என்றால் 80 மணி நேரம். அந்த 80 மணி நேரத்தில் எவரும் ஃபிட்டராகவோ நர்ஸாகவோ ஆகிவிட முடியாது. கை வேலையைப் பொறுத்தவரை ஒரு தொடுகை கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் வேலைக்கு லாயக்கான ஆளா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் இதைப் பாருங்கள்: ஒரு தவறு நடந்ததற்கும், அதைப் பிள்ளை வாயைத் திறந்து சொல்வதற்கும் நடுவே எத்தனை நிமிடம் போகிறது? நேரத்துக்கு வருவது, பணிவு, சுறுசுறுப்பு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கீழே விழுந்த வெர்னியர்

ஒரு பட்டறை. கடைந்து முடித்த 40 புஷ்ஷை (சின்ன உலோகக் குழல் துண்டு) அளந்து பிரிக்கும் வேலையைப் பயிற்சிக்கு வந்த பையனிடம் கொடுத்திருக்கிறார்கள். வெளி விட்டம் 25 மி.மீ. டாலரன்ஸ், அதாவது அளவு விலகலாம் என்று விட்டிருப்பது, மேலே 0, கீழே 0.10. 24.90-லிருந்து 25.00 வரை இருந்தால் பாஸ். அதிகமாக இருந்தால் மறுபடி லேத்துக்கு (கடைசல் மெஷின்), குறைந்திருந்தால் ஸ்கிராப். கையில், இரண்டு தாடைக்கு நடுவே பொருளைப் பிடித்து 0.02 மி.மீ. வரை அளவு படிக்கக்கூடிய சாதாரண வெர்னியர். புதுப் பையனுக்குக் கொடுக்கச் சரியான வேலை. ஓடுகிற மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, அதேசமயம் செய்வதும் நிஜமான வேலை.

18-வது புஷ் முடித்தபோது வெர்னியர் கைதவறி சிமெண்டுத் தரையில் விழுகிறது. தாடை முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. இனி தாடையை முழுக்க மூடினாலும் பூஜ்யத்தில் நிற்காது, 0.04 காட்டும். அந்த முனையில் பிடித்து எந்தப் புஷ்ஷை அளந்தாலும் உள்ளதைவிட 0.04 கூடுதலாகத்தான் வாசிக்கும். பையன் அக்கம்பக்கம் பார்க்கிறான். யாரும் கவனிக்கவில்லை. எடுத்துத் துடைத்துவிட்டு 19-வது புஷ்ஷை எடுக்கிறான்.

இனி நடப்பது வெறும் கணக்கு. உண்மையில் 24.98 உள்ள நல்ல புஷ் 25.02 என்று வாசிக்கும். "அதிகம்" என்று லேத்துக்குத் திரும்பும். அங்கே இருப்பவர் விட்டத்தில் 0.10 எடுத்தால் 24.88 ஆகிவிடும். நல்ல சரக்கு ஸ்கிராப். அதைவிட மோசம் இன்னொன்று: உண்மையில் 24.88 உள்ள புஷ் 24.92 என்று வாசித்து, பாஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும்.

விழுந்த உடனே சொல்லியிருந்தால் செலவு ஐந்து நிமிடம். தாடையை மூடிப் பூஜ்யம் பார்த்துவிட்டு வேறு வெர்னியர் கொடுத்திருப்பார்கள். முதல் 18-ஐத் தொடவே வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் மீதி 22-ஐ மறுபடி அளக்க வேண்டும். சாயங்காலம் சரக்கெல்லாம் கலந்த பிறகு தெரியவந்தால் 40-ஐயும் அளக்க வேண்டும், லேத்துக்குப் போனவை போனவைதான். சொல்லாமலே விட்டால் லாட் முழுக்கத் திரும்பி வரும். தவறு மாறவில்லை, சொன்ன நேரம்தான் மாறியிருக்கிறது.

பையன் ஏன் சொல்லவில்லை? "பொறுப்பில்லாத பய" என்று முடிப்பது சுலபம். பெரும்பாலும் அது தப்பு. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் அவன் கற்றுக்கொண்டதே தவறை மறைக்கும் கலைதான். தப்பான விடை என்றால் சிவப்பு மை, நிற்க வைத்து நாலு வார்த்தை, அப்பாவிடம் கையெழுத்து. அந்தப் பழக்கத்தோடு வருகிறவனிடம், இங்கே மட்டும் உடனே சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? கூடவே காசு பயம். வெர்னியர் என்ன விலையோ, அப்பாவிடம் கேட்பார்களோ என்ற கணக்குத்தான் அந்த நொடியில் தலைக்குள் ஓடும்.

அதனால் அனுப்புவதற்கு முன்பே முதலாளியிடம் பேசி, கடிதத்திலும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்: பயிற்சியில் கைதவறி உடையும் சாமானுக்குப் பிள்ளையிடமோ வீட்டாரிடமோ பணம் கேட்பதில்லை. முதல் நாள் காலையில் இதை முதலாளி தம் வாயாலேயே சொல்ல வேண்டும். "உடைஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டேன். உடைஞ்சதைச் சொல்லலைன்னாத்தான் கேப்பேன்." ஆசிரியர் பத்துத் தரம் சொல்வதைவிட முதலாளி ஒரு தரம் சொல்வது பலிக்கும்.

ஒரே தாமதம், நாலு காரணம்

குணம் என்ற பேச்சு இங்கேதான் உதவும். தாமதமாகச் சொல்லும் பிள்ளைகளை நாலு வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லோருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பதால்தான் பலிக்காமல் போகிறது.

ஒன்று, கூச்சம். தவறு என்று தெரியும், சொல்லவும் தயார். ஆனால் மேற்பார்வை பார்க்கும் அண்ணன் போனில் இருக்கிறார், அப்புறம் வேறு யாரோ பேசுகிறார்கள், நடுவில் நுழைய வாய் வரவில்லை. இந்தப் பிள்ளையிடம் "தைரியமா பேசு" என்பது நீச்சல் தெரியாதவனிடம் "நல்லா நீந்து" என்பதைப் போல. கூச்சம் பத்து நாளில் போகாது, போகவும் தேவையில்லை. நேரத்தைக் குறித்துவிட்டால் போதும். காலை 11 மணி டீக்கு முன்பும் மாலை 3:30-க்கும் மேற்பார்வையாளரே பிள்ளையிடம் போய் நின்று கேட்க வேண்டும்: என்ன முடிந்தது, எது நின்றுபோயிருக்கிறது, ஏதாவது விழுந்ததா, உடைந்ததா, கலந்ததா? இரண்டு நிமிடம்கூட ஆகாது. நடுவே அவசரம் என்றால் பேச வேண்டியதில்லை, முன்னால் வந்து நின்று கையைத் தூக்கினால் போதும் என்று சைகை வைத்துவிடுங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இந்த ஏற்பாட்டில் மற்றவர்களைவிட ஒழுங்காகச் சொல்வார்கள்.

இரண்டு, பதற்றம். திட்டு விழும் என்ற எண்ணத்திலேயே கை நடுங்குகிற பிள்ளை. இங்கே மருந்து பிள்ளையிடம் இல்லை, முதல் தடவை சொன்னபோது கேட்டவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தில் இருக்கிறது. "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று வந்துவிட்டால் அந்தப் பத்து நாளில் இன்னொரு தவறு உங்கள் காதுக்கு வராது. "எப்ப விழுந்துச்சு? எதுவரைக்கும் அளந்திருக்கே?" என்று கேட்டால் வரும். கோபம் வரத்தான் செய்யும், மேற்பார்வையாளரும் மனிதர்தான். அதை இரண்டாவது வாக்கியத்துக்குத் தள்ளிவைத்தால் போதும்.

மூன்று, வாய்ச்சாலாக்கு. சூட்டிகையான, கலகலப்பான பிள்ளை. நேர்முகத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போவது இவர்களைத்தான். தவறு நடந்தால் மறைக்க மாட்டார்கள், பேசி வழுக்கிவிடுவார்கள். "அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு அண்ணே." இவர்களுக்குக் காகிதம்தான் மருந்து. காலையில் கருவியைக் கையில் வாங்கும்போது தாடையை மூடிப் பூஜ்யம் சரியா என்று பார்த்து, நேரத்தோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மதியமும் மாலையும் அதேபோல. எழுதினதற்கு எதிராகப் பேச முடியாது.

நான்காவது குணமே அல்ல. அது தவறு என்றே பிள்ளைக்குத் தெரியாது. வெர்னியர் விழுந்தால் அளவு மாறும் என்று யாரும் காட்டவில்லை. தரையில் விழுந்த பேனாவை எடுப்பதுபோல எடுத்துவிட்டான். அறியாமையைப் பொறுப்பின்மை என்று எழுதுவதுதான் மதிப்பீட்டுத் தாள்களில் நடக்கும் பெரிய அநியாயம். கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "இது கீழ விழுந்தா என்ன ஆகும்னு நினைக்கிறே?" திருதிருவென்று விழித்தால் சொல்லிக்கொடுங்கள், திட்டாதீர்கள்.

120/80 என்ற பொய்

செவிலியப் பிரிவுப் பிள்ளைகளிடம் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். நர்ஸ் மேற்பார்வையில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். பட்டையைக் கட்டி, காற்றை ஏற்றி, வால்வைத் திறந்து, ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் எங்கே ஆரம்பித்து எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். புதிதாகக் கேட்பவருக்கு, சத்தமுள்ள வார்டில், சுலபத்தில் பிடிபடாது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு 120/80 என்று எழுதிவிடுவார்கள். புத்தகத்தில் இருக்கும் எண்ணாயிற்றே.

இதைக் கண்டுபிடிக்க நோயாளிக்கு நோயாளி போய்ப் பார்க்க வேண்டாம், தாளைப் பார்த்தாலே தெரியும். எல்லா அளவும் பூஜ்யத்தில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஒற்றைப்படை எண் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். முள் வைத்ததோ பாதரசமோ, அந்தக் கருவியின் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் ஏறும். 118, 122 என்று வாசிக்கலாம், 117 என்று வாசிக்க முடியாது. பேட்டரிக் கருவி என்றால் மட்டும் ஒற்றைப்படை வரும். பிள்ளைகளிடம் இதைத் துப்பறியும் வித்தைபோலச் சொல்லிவிடுங்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்காகச் சொல்லவில்லை. எண் எதற்காக எழுதப்படுகிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

தீர்வு, தாளில் "கேட்கவில்லை" என்று எழுதவும் ஒரு இடம் இருக்க வேண்டும் என்பதுதான். "கே.இ." என்று குறித்தால் நர்ஸ் வந்து பார்ப்பார், அதற்கு மதிப்பெண் குறையாது. நாளுக்கு இருபது அளவு எடுக்கும் புதுப் பிள்ளையின் முதல் நாள் தாளில் ஒரு "கே.இ." கூட இல்லையென்றால் அதுதான் கவலைப்பட வேண்டிய தாள். இருந்தால் நேர்மையான ஆள் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கேட்பதும் ஒரு வேலை

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. எதற்கெடுத்தாலும் எழுந்து வந்து கேட்கும் பிள்ளை. கணக்கு ஆபீசில் 60 பில்லை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றச் சொன்னால் 40 தடவை கேட்கும். நாலாவது தடவை அக்கா முகம் சுளிப்பார், அதோடு பிள்ளை மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும். இரண்டும் இழப்பு.

இதற்கு ஒரு விதி கொடுத்துவிடலாம்: நிறுத்தாமல் தொடர்ந்தால் கெடுமா? கெடும் என்றால் இப்போதே கேள். கெடாது என்றால் சந்தேகக் கட்டில் வை. தனியாக ஒரு கிளிப் போட்ட கட்டு. ஒவ்வொரு பில்லிலும் பென்சிலால் சந்தேகத்தை ஒரு வரியில் எழுதி வைத்து, 12 மணிக்கும் 4 மணிக்கும் மொத்தமாகக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு உதாரணம். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். விற்றவர் எண்ணும் வாங்கியவர் எண்ணும் 33-ல் ஆரம்பிக்கின்றன, சரக்கும் உள்ளூரிலேயே கைமாறியிருக்கிறது, ஆனால் பில்லில் மத்திய வரி (சி.ஜி.எஸ்.டி.) 9, மாநில வரி (எஸ்.ஜி.எஸ்.டி.) 9 என்று பிரிக்காமல், வெளிமாநில விற்பனைக்குப் போடும் ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று போட்டிருக்கிறது. பார்த்த பிள்ளை மூன்றில் ஒன்று செய்யும். கவனிக்காமல் ஏற்றும். தானே 9-9 என்று திருத்தி ஏற்றும். அல்லது "ரெண்டும் 33, ஏன் ஐ.ஜி.எஸ்.டி.?" என்று பென்சிலால் எழுதிக் கட்டில் வைக்கும். இரண்டாவது பிள்ளையைத்தான் எல்லோரும் கெட்டிக்காரன் என்பார்கள். வேலையிடத்தில் ஆபத்தும் அதுதான். பில்லில் இருப்பது ஒன்று, கணக்கில் இருப்பது வேறொன்று என்றாகிவிட்டது, யாருக்கும் தெரியாது. மூன்றாவது பிள்ளையை உடனே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பெரியவர் அப்படிக் கேட்டால் "புரிஞ்சுது சார்" என்பதுதான் மரியாதை, அதில் தகவல் ஒன்றும் கிடையாது. திருப்பிக் கேட்பதே எதிர்த்துப் பேசுவது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். "எப்படிச் செய்யப்போறேன்னு சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். அரை நிமிடத்தில் எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்துவிடும்.

குணச் சோதனைகள் பற்றி

பயிற்சிக்கு அனுப்பும் முன் இணையத்தில் கிடைக்கும் குணச் சோதனையைக் கொடுத்து, "நீ இந்த வகை, உனக்கு இந்த வேலை" என்று பிரிப்பது இப்போது சில பள்ளிகளில் மோகமாகி வருகிறது. நாலு எழுத்தில் 16 வகையாகப் பிரிக்கும் சோதனை பிரபலம். வேலைக்கு ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உளவியலில் நிலைத்து நிற்பது ஐந்து குணப் பகுப்பு: பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம், புதியதில் நாட்டம். முர்ரே பாரிக், மைக்கேல் மவுன்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த வகை வேலையானாலும் வேலைத்திறனோடு சேர்ந்து வந்தது பொறுப்புணர்வு. கலகலப்பு விற்பனை, நிர்வாகம் போன்றவற்றில்தான் உதவியது. நம் நேர்முகங்களில் கலகலப்புக்கு விழும் மதிப்பெண்ணைப் பார்த்தால் இது உறைக்க வேண்டும்.

ஆனால் பொறுப்புணர்வு முக்கியம் என்பதால் 17 வயதில் அதை அளந்து முத்திரை குத்திவிடலாம் என்று ஆகாது. பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006-ல் பல ஆண்டுத் தொடர் ஆய்வுகளைத் தொகுத்து, பொறுப்புணர்வும் மன நிதானமும் குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் கூடுகின்றன என்று காட்டினார்கள். நம் பிள்ளைகள் அந்த வாசலுக்கே இன்னும் வரவில்லை. வெந்துகொண்டிருக்கும் சோற்றை இறக்கிவைத்துப் பதம் சொல்வதில் அர்த்தமில்லை.

தவிர, சின்ன வயதில் கேள்வி எதுவானாலும் "ஆமாம்" பக்கம் சாய்வது அதிகம். சந்தேகம் இருந்தால் "நான் கலகலப்பாகப் பேசுவேன்", "நான் அதிகம் பேசமாட்டேன்" என்ற இரண்டையும் பத்துக் கேள்வி தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் "ஆமாம்" போட்ட தாள் கட்டாயம் கிடைக்கும். பிள்ளை பொய் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு மாதிரியும் மாமா வீட்டில் ஒரு மாதிரியும் இருப்பதை உள்ளபடி எழுதியிருக்கிறது. சோதனை வேண்டுமானால் பேச்சைத் தொடங்க வைத்துக்கொள்ளுங்கள், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் மூன்று வாரம்

முதல் வாரம் பேச்சு. தவறைச் சொல்வதற்கு மூன்று துண்டு வாக்கியம் பழக்குங்கள்: என்ன நடந்தது, எதுவரை முடிந்திருக்கிறது, அடுத்து என்ன செய்யட்டும். "அண்ணே, வெர்னியர் கீழ விழுந்துருச்சு. பதினெட்டு புஷ் முன்னாடியே அளந்துட்டேன். வேற வெர்னியர் தரீங்களா?" இதில் மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. பிள்ளைகள் காரணத்தில்தான் ஆரம்பிப்பார்கள், "அது வந்து அண்ணே, நான் திரும்பினேனா…" என்று. அதை வெட்டப் பழக்கவே மூன்று நாள் ஆகும். இரண்டு இரண்டு பேராக நிறுத்தி, ஒருவர் அண்ணன், ஒருவர் பயிற்சி மாணவர் என்று தினம் பத்து நிமிடம். அண்ணனாக நடிப்பவர் சில சமயம் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும், சில சமயம் எரிந்துவிழ வேண்டும். லீவு சொல்லும் போனும் இப்படியே: வேலை தொடங்க அரை மணிக்கு முன், பிள்ளையே பேச வேண்டும், அம்மா பேசக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுவது லீவு சொன்னதாகாது.

இரண்டாம் வாரம் வழி. பயிற்சி நாளில் கிளம்ப வேண்டிய அதே நேரத்துக்கு ஒருமுறை போய்வரச் செய்யுங்கள். காலை 8 மணிக் கூட்டத்தில் பஸ் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் தெரியாது. மாணவர் இலவசப் பாஸ் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் தடத்துக்குத்தான். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை, பையன்களுக்கு உண்டு. இரண்டு பஸ் மாறும் பையன் நான்காம் நாள் காணாமல் போனால் "சோம்பேறி" என்று எழுதுவதற்கு முன் பாக்கெட்டில் பஸ் காசு இருந்ததா என்று கேளுங்கள். பத்து நாள் பஸ் செலவை முதலிலேயே கூட்டிப்பார்த்து, பள்ளியோ பயிற்சியிடமோ ஏற்கிறதா என்று தீர்த்துவிட்டால் வருகைப் பிரச்சினையில் பெரும்பாலானது அங்கேயே தீரும்.

மூன்றாம் வாரம் உடம்பும் உடையும். பட்டறைக்கு மூடின ஷூ. துப்பட்டா கூடாது, இருந்தால் குறுக்கே கட்டிப் பின் குத்த வேண்டும். தலைமுடி கொண்டையாக. வளையல், மோதிரம், தொங்கும் ஐடி கார்டு நாடா வேண்டாம். கையில் கட்டிய சாமிக் கயிறும் சுழலும் மெஷின் பக்கத்தில் ஆபத்துதான். வெட்டச் சொன்னால் வீட்டில் வருத்தப்படுவார்கள், அதனால் முன்கூட்டியே வீட்டில் சொல்லிக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். லேத், டிரில் பக்கம் கையுறையும் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவார்கள், மாட்டினால் கையையே இழுத்துவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை அபாயகரமான தொழில்களில் அமர்த்தக் கூடாது. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் எல்லாம் அதில் அடக்கம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் இயக்கப் பாகங்களைத் துடைப்பது, எண்ணெய் விடுவது, சரிசெய்வது ஆகியவற்றை இளம் வயதினருக்குத் தடை செய்திருந்தது. அந்த ஆபத்து இன்றும் அப்படியேதான் இருக்கிறது. "சும்மா ஒரு துடை துடை" என்று பையனிடம் சொல்வது நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். பயிற்சிக் கடிதத்தில் செய்யக் கூடாத வேலைகளைத் தனியாக எழுதி, அதன் நகலைப் பிள்ளையின் கையிலும் கொடுங்கள். "எங்க சார் இதைச் செய்ய வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்காரு" என்று காட்டுவது, 17 வயதில் வாயால் மறுப்பதைவிடச் சுலபம்.

பயிற்சி நாட்களில் ஆசிரியர் இரண்டாம் நாள் மதியம் போன் செய்ய வேண்டும், முதலாளிக்கு அல்ல, பிள்ளைக்கு. யாரோடு வேலை, எங்கே சாப்பிட்டாய், தனியாக யாராவது எங்கேயாவது கூப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும். "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று துருவிக் கேட்டார்களா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருப்பது குணக்கோளாறு அல்ல, தற்காப்பு. இடத்தை மாற்றுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பயிற்சி நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தாளை நிரப்பும் முறை

1920-லேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் கவனித்த விஷயம் இது: அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களுக்கு மதிப்பெண் போடும்போது ஒரு குணத்தில் நல்லவர் என்று பட்டவருக்குச் சம்பந்தமில்லாத மற்ற எல்லாவற்றிலும் அள்ளிப்போடுகிறார்கள். நம் தாள்களிலும் அதேதான். வணக்கம் வைக்கும் பிள்ளைக்குச் சுத்தம், திறமை, நேரம் எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து. இதைக் குறைக்கப் பிள்ளைவாரியாகப் போடாமல் வரிசைவாரியாகப் போடுங்கள். ஐந்து பிள்ளைகள் இருந்தால், முதலில் ஐவருக்கும் நேரம் மட்டும், பிறகு ஐவருக்கும் கருவியைத் திருப்பி வைத்தது மட்டும் என்று.

"பொறுப்பு: 8/10" என்பதற்குப் பதில் எண்ணக்கூடியதைக் கேளுங்கள். பத்து நாளில் எத்தனை நாள் தொடக்க நேரத்துக்கு முன் வந்தார்? சொல்லாமல் எத்தனை நாள் வரவில்லை? கருவி எத்தனை மாலை அதன் இடத்தில் இருந்தது? தானாகச் சொன்ன தவறு எத்தனை, நாம் கண்டுபிடித்தது எத்தனை? ஒரே தவறு இரண்டாம் முறை வந்ததா? ஐந்து போதும். பதினைந்து வைத்தால் டீ குடிக்கும் நேரத்தில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு அனுப்பிவிடுவார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் பத்தாம் நாளும் என்று மூன்று முறை நிரப்ப வேண்டும். மூன்றாம் நாள் தாளைப் பிள்ளையிடம் காட்டியே ஆக வேண்டும். கடைசி நாள் காட்டினால் அது தீர்ப்பு, மூன்றாம் நாள் காட்டினால்தான் பாடம்.

"தானாகச் சொன்ன தவறு" என்ற இடத்தில் 0, "நாம் கண்டுபிடித்தது" என்ற இடத்திலும் 0 என்று வந்தால் மகிழ வேண்டாம். ஒன்று, பிள்ளையிடம் வேலையே கொடுக்கவில்லை, டீ வாங்கவும் கூட்டவும் வைத்திருக்கிறார்கள். அல்லது யாரும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் பயிற்சியிடத்தைத்தான் கேட்க வேண்டும்.

சான்றிதழிலும் இதே மாதிரி இரண்டு வரி எழுதினால் போதும். பிறகு அப்ரண்டிஸ் சேர்க்கைக்கோ வேலைக்கோ போகும்போது, படிப்பவர் அந்த இரண்டு வரியில் நின்று இன்னொரு தடவை படிப்பார். "நல்ல பையன்" இருந்த இடத்தில் இப்படி: "நான்காம் நாள் வெர்னியர் கைதவறி விழுந்ததை 2 நிமிடத்தில் தெரிவித்தார். தாடையை மூடிப் பூஜ்யம் சரியில்லை என்று காட்டி, வேறு வெர்னியர் வாங்கி 19-வது புஷ்ஷிலிருந்து தொடர்ந்தார்."